பட்டா யார் பேரில்?

திருப்பத்தூருக்கு 2019-ல்தான் கலெக்டர் வந்தார் என்று என் பேரன் நினைக்கிறான். திப்புவிடமிருந்து இந்தப் பாராமகால் சீமை கும்பினியார் கைக்குப் போன 1792-லேயே கலெக்டர் அலெக்சாண்டர் ரீடு இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் நிலத்தை அளந்தார். உதவிக்குத் தாமஸ் மன்றோ. ஜமீனை நடுவில் வைக்காமல் குடியானவனிடமே நேரே வரி வாங்கும் ரயத்துவாரி இங்கே பிறந்தது. வரி வாங்க வந்த பட்டாவையே பிற்பாடு பணம் கொடுக்கவும் கேட்பார்கள் என்று ரீடு கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

நான் இந்தப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். சிட்டா, அடங்கல் எழுதியே விரல் காய்த்தது. சர்க்கார் பணம் எந்தப் பாதையில் வரும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் வந்தது தக்காவி. 1883, 1884 சட்டங்களின்படி கிணறு வெட்டவும் மாடு, விதை வாங்கவும் தாசில்தார் கொடுத்த கடன். கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போலவே ஜப்தி. இதை மானியம் என்று யாரும் சொல்லவில்லை.

இலவச கரண்ட் கதையே வேறு. 1970-லிருந்து விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு நடத்திய போராட்டங்களுக்குப் பிறகு, 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட்டுக்குக் கட்டணம் இல்லை என்றானது. பெரிய விஷயம்தான். ஆனால் சலுகை கிணற்றுக்கு வந்தது, ஆளுக்கு அல்ல. ஏலகிரி மேலே மானாவாரியில் சாமை விதைத்த மலையாளிப் பழங்குடிக்கு மோட்டார் ஏது? கீழே ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மோட்டார் இருந்தது. தோல் ஷாப்புக் கழிவு பாலாற்றோரக் கிணறுகளில் இறங்கிவிட்டது. இலவச கரண்டில் உப்புத் தண்ணீர் இறைத்தார்கள்.

1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்டட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்பேரில் அமைந்த ஆணையம் 2001-ல் சுமார் 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் விதித்தது. தலைக்கு ஒன்பதாயிரம் சொச்சம்! ஆனாலும் இந்த வட்டாரத்தில் விவசாயிக்கு வந்த பணத்தில் காரணத்தோடு வந்தது இது ஒன்றுதான் என்பேன்.

கூட்டுறவுக் கடன் தள்ளுபடிகள் 2006, 2016, 2021 என்று வந்தன. சங்கத்தில் கடன் வாங்க முடிந்தவனுக்குத் தள்ளுபடி, அவ்வளவுதான்.

2019-ல் மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டம். வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, நேரே வங்கிக் கணக்குக்கு. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பேரில் இருந்ததோ அவருக்கு; அதற்குப் பிறகு பெயர் மாறினால் வாரிசு வழிக்கு மட்டும் விலக்கு. மறு வருஷமே தமிழ்நாட்டில் நிலமே இல்லாத லட்சக்கணக்கானவர்கள் கணக்கில் பணம் ஏறி, சுமார் 110 கோடி என்று சொல்லி, சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரை போனது. இடைத்தரகருக்குக் கம்ப்யூட்டரின் வாசல் தெரிந்திருந்தது.

உழுகிறவனுக்கு அந்த வாசல் தெரியாது. மலையில் நான் பார்த்த ஒரு குடும்பத்தில் பட்டா தாத்தா பேரில்; அவர் செத்து முப்பது வருஷம். நாலு பேரன்கள் உழுகிறார்கள். “தாத்தாவுக்கா சார் காசு அனுப்புவாங்க?” என்று மூத்தவன் கேட்டான். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உட்பிரிவு என்று நான் வரிசையாகச் சொல்ல, பஸ் செலவையும் போகிற கூலியையும் அவன் விரல் விட்டு எண்ணினான். கடைசியில் மூத்தவன் பேருக்கு மட்டும் மாற்றிக்கொள்வதாக அவர்களுக்குள் பேசி முடித்தார்கள். தவணை வந்தால் ஆளுக்கு ஐநூறு.