அரிப்புக்கு வந்த மீன்தொட்டிக்காரர்

அரிப்புக் கடற்கரையின் மேட்டில், அலை அரித்துத் தின்றது போக எஞ்சி நிற்கும் செங்கற் சுவர்களைப் பார்க்கப் போவோர் இன்றும் உண்டு. ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், 1801 தொடக்கம் 1804 வரையான காலத்தில் கட்டுவித்த 'டோரிக்' மாளிகை அது. சற்றுத் தெற்கே கொண்டச்சிக் குடா. முத்துச் சலாபம் நடைபெற்ற காலங்களில் இந்த மணல்வெளியில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடி, சில வாரங்களில் ஒரு நகரமே எழுந்து மறைந்தது. ஆளுநரைப் பற்றியும் முத்தைப் பற்றியும் எழுதியோர் பலர். 1860களில் இதே அரிப்பில் தங்கியிருந்த எட்மண்ட் ஹோல்ட்ஸ்வேர்த் என்ற இயற்கை அறிஞரைப் பற்றி நம்மவர் அதிகம் பேசுவதில்லை. பறவை ஆர்வலர்கள் மட்டும், 1872இல் அவர் வெளியிட்ட இலங்கைப் பறவைகளின் பட்டியல் காரணமாக அவரை அறிவர்.

எனக்கு அவர்மீது அக்கறை ஏற்பட்டது வேறொரு காரணத்தால். இங்கு வருமுன்னர், 1860இல், லண்டன் மிருகக்காட்சிச் சாலையின் மீன் இல்லத்துக்குக் கைந்நூல் எழுதியவர் அவர். 1853இல் திறக்கப்பட்ட அந்த இல்லமே உலகில் பொதுமக்களுக்கெனத் திறக்கப்பட்ட முதலாவது மீன்காட்சியகம். கண்ணாடித் தொட்டிக்குள் கடல்நீரைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்ற கேள்வி சூடாக விவாதிக்கப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் மன்னார்க் கடலுக்கு வந்தார் என்பது என்னை வியப்பில் ஆழ்த்தியது.

அக்காலத்தில் அக்கேள்விக்கு இரண்டு விடைகள் இருந்தன. இரசாயனவியலாளர் ரொபர்ட் வோரிங்டன் 1850இல் வெளியிட்ட பரிசோதனை முதலாவது. தங்கமீன்களும் நீர்ச்செடியும் நத்தைகளும் உள்ள கலத்தில், செடி ஒட்சிசன் தரும், நத்தை அழுகலைத் தின்னும், நீரை மாற்றவே வேண்டியதில்லை என்றார். பிலிப் கோஸ் இதனையே கடல்நீருக்கும் கொண்டுசென்று, 1854இல் தம் நூலால் பரப்பினார். நடுத்தர வர்க்க வீடுகளில் எல்லாம் தொட்டிகள் தோன்றின. பெரும்பாலானவை விரைவிலேயே நாறின என்பதும் வரலாறே.

இரண்டாவது விடை வில்லியம் அல்ஃபோர்ட் லொயிட் என்பவருடையது. தொட்டிகளும் கடலுயிர்களும் விற்ற கடைக்காரர். பார்வைக்கு வைக்கும் தொட்டி சிறிதாக இருக்கலாம், ஆனால் அதற்குப் பின்னால் பன்மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கம் இருக்கவேண்டும், இரண்டுக்கும் இடையில் நீர் இரவுபகலாக ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும் என்றார் அவர். 1871இல் லண்டன் கிறிஸ்டல் பலஸ் மாளிகையில் இம்முறையைப் பெருமளவில் நிறைவேற்றிக் காட்டினார். அது வேலை செய்தது. ஏன் வேலை செய்கிறது என்பதற்கு முழு விளக்கம் அன்று எவரிடமும் இல்லை.

இனிக் கொண்டச்சிக்கு வருவோம். 1798இல் ஒரே சலாபத்தில் ஏறத்தாழ 1,92,000 பவுண் வருமானம் கண்ட அரசுக்கு, 1838 முதல் 1854 வரை ஒரு சலாபமும் வாய்க்கவில்லை. இதனால் இலங்கையிற் பிறந்த இராணுவ மருத்துவர் கெலார்ட் 1857இல் ஆய்வுக்கு அமர்த்தப்பட்டார். சிப்பி தன் பற்றுநாரை அறுத்துக்கொண்டு நகரவும், மீண்டும் பற்றிக்கொள்ளவும் வல்லது எனக் கண்டவர் அவர். 1860இல் அவர் மறைந்தார். 1863க்குப் பின்னர் பார்கள் மீண்டும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வெறுமையாயின. அந்த இடைவெளியில் வந்தவரே ஹோல்ட்ஸ்வேர்த்.

சிப்பிக்கு நாம் செய்ததையும் சொல்லவேண்டும். கரைக்கு வந்த சிப்பிகளை வேலியடைத்த 'கொட்டு'களிற் குவித்து, நாட்கணக்கில் அழுகவிட்டு, பின்னர் கழுவி முத்தை எடுத்தனர். காற்று மாறினால் முகாம் முழுவதும் நாற்றம், இலையான். வாந்திபேதியால் இடைநிறுத்தப்பட்ட சலாபங்களும் உண்டு. 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. உயிருடன் இருந்தபோது அவை ஒவ்வொன்றும் மணிக்கு இரண்டு லீற்றர் நீரையேனும் செவுள்வழியே வடித்திருக்கும் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், மணிக்கு 16 கோடி லீற்றர்! இந்த வரி அன்றைய வரவுசெலவுக் கணக்கு எதிலும் இல்லை.

இந்தக் கணக்கை முசலிப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் நான் சொன்னபோது, "அப்படியென்டால் ஐயா, பில்டர் வாங்காமல் ரெண்டு சிப்பியைத் தொட்டிக்குள்ள போட்டால் காணாதோ?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது, விடை, காணாது. சிப்பி வடிப்பது மிதக்கும் நுண்ணுயிர்களையும் துகள்களையும்தான். சிறு தொட்டியில் அவை விரைவில் தீரும். சிப்பி பட்டினியால் இறக்கும். இறந்தால் தொட்டியே ஒரு கொட்டாகிவிடும். மேலும், மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியும் கலங்கல் அன்று. தெளிந்த நீரிலும் கரைந்திருக்கும் அமோனியா. சிப்பி அதனை நீக்குவதில்லை, தானும் வெளியேற்றுகிறது.

அமோனியாவை யார் நீக்குகிறார்? இதற்கு விடை மீன்காட்சியகத்தில் அன்று, கழிவுநீர் ஆய்வில் கிடைத்தது. 1877இல் பிரான்சில் ஸ்லேசிங், முன்ட்ஸ் இருவரும் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயினூடாகக் கழிவுநீரை மெல்லச் செலுத்தினர். முதல் நாட்களில் மாற்றமில்லை. ஏறத்தாழ மூன்று வாரம் கழிந்தபின் அமோனியா நைத்திரேற்றாக மாறி வெளிவந்தது. குளோரோஃபோம் ஊட்டியதும் மாற்றம் நின்றது. ஆகவே வேலை செய்தவை உயிர்கள். 1890இல் வினோகிராட்ஸ்கி அப்பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்தார். லொயிட்டின் ஓடும் நீர் அவற்றுக்கு ஒட்சிசன் ஊட்டியது. குழாயும் தேக்கமும் அவற்றுக்கு வீடாயின.

எனவே, வீட்டுத் தொட்டிக்கு எந்த வடிகட்டி என்று கேட்போருக்கு என் விடை இதுதான்: அப்பற்றீரியாக்களுக்கு அதிக இடமும் காற்றும் தருவது. விலைகூடிய உருளை வடிகட்டியும் சரி, சரளைக்கு அடியில் வைக்கும் தட்டும் சரி, காற்றுப் பம்பியில் இயங்கும் சாதாரணப் பஞ்சும் சரி, சாரத்தில் ஒன்றே. சிறிய நன்னீர்த் தொட்டிக்கு நான் பஞ்சையே சொல்வேன். மின்வெட்டின்போது பற்றரியில் ஓடும் சிறு பம்பி அதனைக் காப்பாற்றும். மூடிய உருளைக்குள் நீர் நின்றுவிட்டால் சில மணிநேரத்தில் உள்ளேயுள்ள உயிர்கள் மூச்சுத்திணறும். பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவுவது ஸ்லேசிங் குளோரோஃபோம் விட்டதற்கு ஒப்பாகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியவேண்டும்.

மன்னார்ப் பக்கத்தாருக்கு மேலும் ஒன்று. நம் நிலத்தடி சுண்ணாம்புக்கல். இத்தகைய கிணற்றுநீர் கடினமானது, காரத்தன்மை மிக்கது. காரம் கூடக்கூட அதே அளவு அமோனியா மேலும் நஞ்சாகிறது. வடிகட்டி பழக்கப்படுமுன்னர் மீன்களை அவசரப்பட்டு விடுவது இங்கே மற்ற இடங்களைவிட ஆபத்து. நான்கு தொடக்கம் ஆறு வாரங்கள் பொறுக்கவேண்டும். கப்பி, மொலி போன்றவை இந்நீரை விரும்பும், அவற்றுக்காக ஆர்.ஓ. நீர் வாங்குவது வீண்செலவு. கடல்மீன் தொட்டியில் மட்டும் அது அவசியம்: ஆவியாவது நீர், உப்பு தங்கிவிடும், ஈடுசெய்ய உப்பற்ற நீரே வேண்டும்.

வடிகட்டியே வேண்டாம் என்ற ஒருவரும் வரலாற்றில் உண்டு. இந்தோனேசியாவின் லீ சின் எங், 1961இல், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் வைத்துப் பவளங்களை வளர்த்ததாக எழுதினார். பாறையின் துளைகளே வடிகட்டி. இன்றைய கடல்தொட்டிக்காரர் பலர் அவர் வழிவந்தவரே. சிலாபத்துறைக்கு அப்பாலும் பவளப்பாறை உண்டு. அதிலிருந்து ஒரு துண்டை உடைத்து வந்தால் போதுமே என்று தோன்றக்கூடும். நம் நாட்டில் அது சட்டவிரோதம். நுண்துளைச் செயற்கைக் கற்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் பற்றீரியா குடியேறச் சற்று நாளெடுக்கும், அவ்வளவே.

ஹோல்ட்ஸ்வேர்த்துக்குப் பின் 1902இல் ஹேர்ட்மனும் ஹோர்னெலும் வந்தனர். பெரிய பாரில் வந்து படியும் குஞ்சுச் சிப்பிகள் நிலைப்பதில்லை எனக் கண்டு, அவற்றை வேறு பார்களுக்கு மாற்றுமாறு ஹேர்ட்மன் பரிந்துரைத்தார். 1906இல் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் நெடுங்காலம் பெரிய சலாபம் எதுவும் இல்லை. கொண்டச்சியின் மக்களும் 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டு, போர் ஓய்ந்தபின் திரும்பத் தொடங்கினர். மணலைச் சற்றுக் கிளறினால் பழைய கொட்டுகளின் சிப்பி ஓடுகள் இப்போதும் கையில் அகப்படும்.