எழுஞாயிறு இல்லம்: ஒரு பாடலின் அறிவிப்பாளர் வரிசை

மாலை வேளைகளில் நம்மிடம் அறபு இலக்கணம் ஓத வரும் கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு வினாவுடன் வந்தார். பழைய ஆங்கில இசைத்தட்டு ஒன்றின் படத்தைத் தம் கைபேசியில் காட்டினார். பாடலின் பெயர் 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைஸிங் ஸன்'. 'எழுஞாயிறு இல்லம்' என்று தமிழில் சொல்லலாம். பாடியோர் 'தி அனிமல்ஸ்' என்னும் ஆங்கிலேயக் குழுவினர், ஆண்டு 1964. இயற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மரபு வழியது, அமைத்தவர் ப்ரைஸ்' என்னும் பொருள்படச் சுருக்கமாக அச்சிட்டிருந்தார்கள். "உஸ்தாத், உலகமெல்லாம் பாடுகிற ஒரு பாட்டுக்கு எழுதியவர் இல்லாமல் போவாரா?" என்று கேட்டார்.

அறபுக் கவிதை ஓதியோர்க்கு இக்கேள்வி புதியதன்று. அறியாமைக் காலத்துக் கவிதைகள் ஏட்டில் ஏறுவதற்கு முன்னர் ராவிகள் எனப்பட்ட அறிவிப்பாளர்களின் நெஞ்சங்களிலேயே வாழ்ந்தன. அவர்களுள் எல்லாரும் ஒரே தரத்தினர் அல்லர். கூஃபாவின் ஹம்மாத் அர்ராவியா பழங்கவிதையோடு தம் சொந்தச் சரக்கையும் கலந்துவிட்டார் என்றும், இனி அதனைப் பிரித்தறிய வழியில்லை என்றும் முஃபள்ளல் அள்ளப்பீ மனம் நொந்து கூறியுள்ளார். ஆதலால் ஒரு செய்யுள் காதில் விழுந்தால் 'இதை யாரிடம் கேட்டீர், அவர் யாரிடம் கேட்டார்?' என்று வினவுவது நமக்குப் பழகிப்போன வழக்கம். அதே வினாவை இப்பாடலிடமும் கேட்டுப் பார்ப்போமே என்று அமர்ந்தோம். அமர்ந்த பின்னரே இது எவ்வளவு நீண்ட வரிசை என்பது புலனாயிற்று.

பாடலின் பொருள் எளியது. அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் எழுஞாயிறு எனும் பெயருடைய ஓர் இல்லம் இருக்கிறது. அங்குச் சென்று வாழ்வைப் பாழாக்கிக்கொண்ட ஒருவர், தம் வழியில் வந்துவிட வேண்டா என்று வீட்டிலுள்ள இளையோரை எச்சரித்துவிட்டு, தாம் மட்டும் அவ்விடத்திற்கே திரும்பிச் செல்கிறார். அது விலைமகளிர் விடுதியா, சூதாட்ட மனையா, சிறைச்சாலையா என்று அறிஞர் பலவாறு கூறுவர். அந்நகரின் கான்டி தெருவில் அப்பெயர் கொண்ட விடுதி ஒன்று இருந்து 1822இல் தீக்கிரையானது உண்மை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடத்தை அகழ்ந்தபோது பெண்டிர் பூசும் கன்னச்சிவப்புக் குப்பிகளும் கிடைத்தன. ஆயினும் இதைக்கொண்டு 'பாடலின் இல்லம் இதுவே' எனத் துணிவது ஆய்வு நெறியாகாது. எழுஞாயிறு என்பது இங்கிலாந்தில் பல மதுவிடுதிகளுக்கு வழங்கும் பெயர். 1953இல் நார்ஃபோக் பகுதியின் ஹாரி காக்ஸ் என்னும் முதிய பண்ணைத் தொழிலாளி பாடிய வேறொரு நாட்டுப் பாடலில், லோஸ்டாஃப்ட் என்னும் கடலோர ஊரில் அத்தகைய எழுஞாயிறு ஒன்று வருகிறது. பெயர் முதலில் கடல் கடந்து சென்று, ஊரைப் பின்னர் மாற்றிக்கொண்டிருக்கவும் கூடும்.

இனி வரிசைக்கு வருவோம். 1964இல் பாடிய ஐவரும் இங்கிலாந்தின் வடகிழக்கே உள்ள நியூகாஸில் நகரத்து இளைஞர்கள். சக் பெர்ரி என்னும் புகழ்மிக்க அமெரிக்கப் பாடகருடன் அவ்வாண்டு சுற்றுப்பயணம் சென்றபோது, அவரைப் போலவே துள்ளலிசை பாடி அவரை வெல்ல இயலாது என்று கண்டு, முற்றிலும் வேறான இந்தச் சோகப் பாடலைத் தேர்ந்தனர். மே 18ஆம் நாள் இலண்டனில் ஒரே மூச்சில் பதிவு முடிந்தது. அக்காலத்து இசைத்தட்டுப் பாடல்கள் மூன்று நிமிடத்தைத் தாண்டா. இதுவோ நாலரை நிமிடம். எனினும் ஜூலையில் பிரிட்டனிலும் செப்டம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. நாட்டுப்புறப் பாடலும் மின்கிதாரின் ராக் இசையும் கலந்த புது வகைக்கு 'ஃபோக் ராக்' என்னும் பெயர் 1965இல்தான் பரவியது. பெயர் வருமுன்னரே பொருள் வந்துவிட்டது எனலாம். பாப் டிலன் மின்கிதாரின்பால் திரும்பியதற்கு இப்பாடலும் ஒரு தூண்டுதல் என்பர்.

அந்த டிலனும் இவ்வரிசையில் ஓர் அறிவிப்பாளரே. 1962 மார்ச்சில் வெளிவந்த அவரது முதல் தொகுப்பில் இப்பாடல் உண்டு. அவர் பாடிய அமைப்பு அவருடையதன்று. நியூயார்க்கில் அவருக்கு மூத்தவரான டேவ் வான் ராங்க் உருவாக்கியது. அவர் அதனைத் தாமே பதிவு செய்ய எண்ணியிருந்தார். டிலனோ பதிவை முடித்துவிட்டு அதன் பின்னரே இசைவு கேட்டாராம். அதன் பிறகு வான் ராங்க் மேடையில் பாடினால், டிலனிடமிருந்து எடுத்தது என்று கேட்போர் கருதினர். அவர் பாடுவதையே நிறுத்தினார். பின்னர் அனிமல்ஸ் குழுவின் தட்டு புகழ் பெற்றதும், டிலன் பாடினால் அது அவர்களிடமிருந்து எடுத்தது என்று சொல்லப்பட்டது, அவரும் நிறுத்தினார். வான் ராங்க் இதனைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். நமக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

அனிமல்ஸ் குழுவுக்குள்ளும் பூசல் எழுந்தது. பாடலைத் தொடங்கிவைக்கும் கிதார் இழை ஹில்டன் வாலண்டைன் மீட்டியது. குரல் எரிக் பர்டனுடையது. ஆர்கன் வாசித்தவர் ஆலன் ப்ரைஸ். தட்டில் ஐவர் பெயருக்கும் இடம் போதாது என்று ப்ரைஸ் பெயர் மட்டும் இடப்பட்டதாக மற்றவர்கள் கூறினர். இடப்பட்ட பெயருக்கே உரிமைத் தொகை சென்றது. ப்ரைஸ் 1965இல் குழுவை விட்டு நீங்கினார். அச்சகத்தில் ஒரு வரி குறைந்ததால் ஐவரின் நட்பு குறைந்தது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

இவர்களுக்கு முன்னர் 1960இல் ஜோன் பயஸ், அதற்கும் முன்னர் ஜாஷ் ஒயிட், லெட்பெல்லி, 1941இல் உட்டி கத்ரி எனப் பலர் பாடினர். இவர்களுட் பெரும்பாலோரை எட்டியது ஒரே ஊற்றின் நீர். அது ஆலன் லோமாக்ஸ் 1941இல் தம் தந்தையாருடன் வெளியிட்ட பாடல் தொகுப்பு நூல்.

லோமாக்ஸ் 1937 செப்டம்பரில், தம் இருபத்திரண்டாம் வயதில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்காகப் பதிவுக் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கென்டக்கி மாநிலத்து மலைகளுக்குச் சென்றார். மிடில்ஸ்பரோ என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஜார்ஜியா டர்னர் என்னும் பதினாறு வயதுப் பெண் வந்து பாடினார். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். நியூ ஆர்லியன்ஸ் அங்கிருந்து பல நூறு மைல். பாடியது இந்தப் பாடலே. அதே பயணத்தில் பெர்ட் மார்ட்டின் என்பவரிடமும் லோமாக்ஸ் வேறு வடிவம் ஒன்றைப் பதிந்தார். நூல் வெளிவந்தபோது, பாடல் டர்னருடையது, கூடுதல் வரிகள் மார்ட்டினுடையவை என்று பிரித்துக் குறித்தார். நல்ல ராவிக்கு அழகு இதுதான். ஹம்மாத் செய்யத் தவறியதை இவ்விளைஞர் செய்தார் என்பதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் நூலிலிருந்து மேடைக்கும் மேடையிலிருந்து தட்டுக்கும் பாடல் இறங்கிய வழியில், அந்தக் குறிப்பை எவரும் தூக்கிச் செல்லவில்லை.

அப்படியாயின் டர்னர்தாம் இயற்றினாரா? இல்லை. அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1933இல், கிளாரன்ஸ் ஆஷ்லி என்பார் க்வென் ஃபாஸ்டருடன் சேர்ந்து இதனைத் தட்டில் பாடியிருக்கிறார். தம் பாட்டனாரிடம் கற்றதாக அவர் கூறினார். அதற்கு அப்பால் வரிசை அறுந்துவிடுகிறது.

வாசகத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. டர்னர் பாடியதில் பேசுபவள் ஒரு பெண். டிலனும் பெண்ணாகவே நின்று பாடினார். அனிமல்ஸ் பாடியதில் பேசுபவன் இளைஞன், தந்தை சூதாடி. வானொலிக்கு ஏற்ப அவர்கள் பெண்ணை ஆணாக்கினர் என்று பலரும் எழுதுவர். ஆனால் 1933இல் ஆஷ்லி பாடியதிலும் அழிந்துபோவது இளைஞனே. எனவே இரண்டும் பழைய வாசகங்கள். ஒன்றைத் திரிபு என்று தள்ளுவதற்கில்லை. எனினும் நம் உள்ளம் பெண் பேசும் வாசகத்தையே நாடுகிறது. தப்ப வழி தெரிந்தும் அந்த இல்லத்திற்கே திரும்புகிறேன் என்று சொல்வதற்கு, அக்காலத்துப் பெண்ணுக்கு இருந்த காரணங்கள் இளைஞனுக்கு இருந்திருக்குமா?

மாணவரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது இஷாவுக்கு நேரமாகிவிட்டது. "அந்தப் பெண்ணுக்குப் பின்னர் என்ன கிடைத்தது?" என்று கேட்டார். டர்னர் மணமுடித்து, மிச்சிகன் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து, பல மக்களைப் பெற்று வளர்த்தார். லோமாக்ஸ் வழியாகப் பிற்காலத்தில் அவருக்கு வந்த உரிமைத் தொகை மிகச் சொற்பம். 1969இல், ஐம்பது வயதை எட்டுமுன்னரே, நுரையீரல் நோயால் மறைந்தார். அவர் குரல் பதிந்த தட்டு வாஷிங்டனில் அந்நூலகத்தில் இருக்கிறது; இன்று அதனை எவரும் கேட்கலாம். மாணவர் கைபேசியில் அதனைத் தேடி எடுத்தார். தொழுகை முடிந்து வந்து கேட்டோம்.