சாயம் தந்த சுதந்திரம்: ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர்

பருத்தியும் பஞ்சாலையும் பின்னலாடையும் கொங்கு நாட்டின் பெயரைக் கடல் கடந்து கொண்டு சென்றதை நாம் அறிவோம். அதே கோவை மண்ணில் பிறந்த ஓர் ஓவியர், துணியையும் சாயத்தையும் துணையாகக் கொண்டு, கலைஞர்கள் தலைநிமிர்ந்து வாழ ஒரு சிற்றூரையே எழுப்பினார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவர்தாம் கே. சி. எஸ். பணிக்கர். திருப்பூர் வட்டாரத்தில் துணியோடும் சாயத்தோடும் வாழும் நம் குடும்பங்கள் அவர் வரலாற்றை அறிந்துகொள்ளத் தனிக் காரணம் ஒன்று உண்டு.

நம் வீடுகளில் ஒரு பிள்ளை ஓயாமல் படம் வரைந்தால் பெற்றோர் மகிழ்வதில்லை, கவலைப்படுகின்றனர். “இது சோறு போடுமா?” என்பதே முதற்கேள்வி. அக்கேள்வி நியாயமானது. குடும்பப் பொறுப்பு அறிந்தவர் வேறு எப்படிக் கேட்பார்? பணிக்கரின் வாழ்க்கை இக்கேள்வியை ஒதுக்கிவிட்டுச் சென்ற வாழ்க்கையன்று. நேருக்கு நேர் நின்று விடை கண்ட வாழ்க்கை.

அவர் 1911ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். திருப்பூர் அன்று கோவை மாவட்டத்தைச் சேர்ந்ததே. 2009இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. பணிக்கரின் குடும்பம் மலையாளக் கரையில் பொன்னானிப் பகுதியைச் சேர்ந்தது. மக்தூம் குடும்பத்து உலமாக்களால் புகழ்பெற்றதும், அரபு மலையாள நூல்கள் தழைத்ததுமான அதே பொன்னானிதான். அந்நாட்டின் தென்னஞ்சோலைகளும் நீர்நிலைகளும் அவருடைய இளமைக்கால நீர்வண்ண ஓவியங்களில் நிறைந்தன. பதினேழு வயதிலேயே சென்னை ஓவியக் கண்காட்சிகளில் அவர் படங்கள் இடம்பெறத் தொடங்கின.

தந்தையாரின் மறைவு அவர் படிப்பை இடையில் நிறுத்தியது. குடும்பத்தைத் தாங்கத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். ஆண்டுகள் சில அவ்வாறு கழிந்தன. ஆயினும் தூரிகையை அவர் கைவிடவில்லை. 1936இல், இருபத்தைந்தாம் வயதில், சென்னை அரசினர் கலைத்தொழிற் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பிறர் வாழ்க்கையில் நிலைபெறும் வயதில் அவர் மீண்டும் மாணவராயினார்.

அப்பள்ளியின் வரலாறும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் அதனைத் தொடங்கினார். ஓவியத்தோடு கைத்தொழில்களையும் கற்பித்தது அது. பணிக்கர் பயின்ற காலத்தில் அதன் தலைவராக இருந்தவர், சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பின்னாளில் வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவரிடம் கற்ற பணிக்கர் அங்கேயே ஆசிரியராகி, 1957இல் அவருக்குப்பின் முதல்வராகவும் உயர்ந்தார். இதனிடையே 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவி, தென்னாட்டு ஓவியர்களை ஒன்று திரட்டினார்.

1954இல் அவர் ஐரோப்பா சென்றார். இலண்டனில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மேலை நாட்டு நவீன ஓவியத்தை நேரில் கண்ட அவர் உள்ளத்தில் ஒரு வினா வேரூன்றியது. பாரிஸில் வரைவதையே சென்னையிலும் வரைந்தால், இந்திய ஓவியன் என்பதற்கு என்ன பொருள்? அவ்வினாவிற்கு விடை கிடைக்க ஏறத்தாழ பத்தாண்டுகள் பிடித்தன.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஒரு மாணவரின் கணிதக் குறிப்பேட்டில் எண்களும் எழுத்துகளும் கோடுகளும் வடிவங்களும் நிறைந்த பக்கம் ஒன்று அவர் கண்ணிற்பட்டது. அப்பக்கத்தின் பொருளை அவர் நோக்கவில்லை. அதன் தோற்றத்தையே நோக்கினார். 1963 முதல் “சொற்களும் குறியீடுகளும்” என்னும் ஓவிய வரிசை பிறந்தது. மலையாள எழுத்தை ஒத்த கிறுக்கல்கள், சாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், சிறு உருவங்கள் ஆகியவை ஓலைச்சுவடி விரித்தாற்போல் அப்படங்களில் பரவிக் கிடக்கின்றன.

எழுத்தின் அழகு நமக்குப் புதிதன்று. அப்பாசியர் காலத்து அமைச்சராயிருந்து 940இல் மறைந்த இப்னு முக்லா, அரபு எழுத்துகளுக்குப் புள்ளியையும் அலிஃபையும் வட்டத்தையும் அளவுகோலாக்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் விகிதம் வகுத்தார். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதப் புகுந்தபோது, இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை அமைத்தனர். ஆகவே எழுத்தை வடிவமாகக் காணும் கண் நமக்கு மரபிலேயே உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. நம் எழுத்துக்கலை பொருளைத் தாங்கி நிற்பது, வாசிப்பதற்கென்றே அழகுபடுத்தப்பட்டது. பணிக்கரின் எழுத்தோ வாசிப்பதற்கன்று. பொருளை நீக்கிவிட்டு, எழுதப்பட்ட பக்கத்தின் தோற்றத்தை மட்டும் அவர் நிறுத்திக்கொண்டார். இரண்டும் வெவ்வேறு வழிகள். எனினும், எழுத்துக்கலையில் பழகிய கண் அவர் படத்தின் முன் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

இனி, முதலில் குறித்த கேள்விக்கு வருவோம். பள்ளியில் தேறி வெளிவந்த இளைஞர்கள் எவ்வாறு பிழைப்பது? நவீன ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் அன்றைய சென்னையில் மிகச் சிலரே. வேலை தேடிச் சென்றவர்கள் பலர் தூரிகையை மறந்தனர். தம் மாணவர்கள் இவ்வாறு கரைந்துபோவதைக் கண்ட பணிக்கர், புரவலரைத் தேடிப் புறப்படவில்லை, கைத்தொழிலைக் காட்டினார்.

அவற்றுள் முதன்மையானது பாத்திக். ஜாவாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த பாத்திக் கைலிகளை நம் குடும்பங்கள் தலைமுறைகளாக அறியும். உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பின்னர் என்று மீண்டும் மீண்டும் மெழுகிட்டுத் தோய்த்து, இறுதியில் கொதிநீரில் மெழுகை நீக்குவர். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து மெல்லிய நரம்புகளாய் ஓடும். சாயப்பட்டறை கண்ட திருப்பூர் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஓவியர்கள் பாத்திக் துணிகளையும், தோற்பொருள், உலோகப் பொருள்களையும் செய்து விற்றனர். அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு 1966இல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் மணல் நிலம் வாங்கினர். அதுவே சோழமண்டல ஓவியர் கிராமம். நாளின் ஒரு பகுதி கைத்தொழிலுக்கு. அதில் வந்த வருவாய் உணவுக்கும் உறைவிடத்திற்கும். எஞ்சிய பொழுது முழுவதும் ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும். விற்குமோ விற்காதோ என்ற அச்சமின்றி வரைந்தனர். வாங்குவோரின் விருப்பத்திற்காகத் தம் கையை வளைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. பணிக்கர் 1967இல் பணி ஓய்வு பெற்று, அக்கிராமத்தின் வளர்ச்சிக்கே தம்மை ஒப்படைத்தார். 1976இல் லலித் கலா அகாதெமி அவரை உயர் உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. 1977ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் மறைந்தார். அவர் எழுப்பிய கிராமம் மறையவில்லை. சென்னை ஓவியர் இயக்கத்திற்கென 2009இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

துணித்தொழிலும் ஓவியமும் கைகோத்த கதை இஃதொன்றே அன்று. திருச்சி மாவட்டத்திலிருந்து வந்து அதே சென்னைப் பள்ளியில் பயின்ற கே. எம். ஆதிமூலம், மைய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றிக்கொண்டே காந்தியடிகளின் கோட்டோவியங்களால் புகழ்பெற்றார். தமிழ் ஏடுகளின் தலைப்பெழுத்துகளுக்கும் அவர் கை புதுவடிவம் தந்தது. துணிக்கு வரைந்த கை ஓவியத்திற்கு உதவாமற்போகவில்லை.

பணிக்கரிடம் நாம் பெறும் பாடம் இதுவே: கைத்தொழில் கலைஞனைத் தாழ்த்துவதில்லை, அவனைச் சுதந்திரனாக்குகிறது. யாருடைய தயவையும் எதிர்பாராதவனே தன் எழுத்தைத் தானே கண்டுகொள்ள முடியும். தம் கையால் உழைத்து உண்பதே சிறந்த உணவு என்னும் நபிமொழி வழி வாழ்பவர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். உருவம் வரைதல் பற்றிய மார்க்கச் சட்ட ஆய்வு இங்கே நம் பொருளன்று. அதனை அறிஞர்களிடம் கேட்டறிக. கொடியும் பூவும் கட்டமும் எழுத்தும் வரையும் பிள்ளைக்கு எத்தடையும் இல்லை.

திருப்பூரின் முதல் பின்னலாடைக் கூடத்தை 1925இல் தொடங்கியவர் குலாம் காதர் என்னும் நம்மவர் என்பது இவ்வூர் வரலாறு. அவர் வழியில் வந்த நாம், துணி நெய்யவும் சாயமிடவும் விற்கவும் பிள்ளைகளைப் பழக்கினோம். அத்துணியின்மேல் என்ன வரைவது என்று சிந்திக்கும் பிள்ளையை மட்டும் ஏன் கடிந்துகொள்கிறோம்? சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. அங்கே ஓவியம் கற்கட்டும். இங்கே நம் அச்சுப் பட்டறையிலும் சாயப்பட்டறையிலும் தொழில் கற்கட்டும். ஒன்று அவன் வீட்டைக் காக்கும். மற்றொன்று அவன் பெயரை நிறுத்தும்.