முப்பத்து நான்கு தொழில், ஒரே மேஜை

திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் அப்பா வாட்ச் கடை வைத்திருந்தார். கடை என்றால் நாலடிக்கு ஆறடி. முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, பின்னால் ஒரு மேஜை. சாமான் உருண்டு கீழே விழாமலிருக்க மேஜை விளிம்பைச் சுற்றி அரை அங்குலச் சட்டம் அடித்திருக்கும். பத்தாவது எழுதி முடித்த கோடையில் அப்பா என்னை அந்த மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து, நின்றுபோன எச்.எம்.டி. ஜனதா ஒன்றைக் கையில் கொடுத்தார். "கழட்டு. ஒவ்வொண்ணாக் கழட்டி வெள்ளைத் தாள்மேல வை. பேர் சொல்லிக்கிட்டே வைடா" என்றார். அன்றைக்குப் பேர் சொல்லி வைத்ததுதான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றும் வாட்சைக் கழற்றும்போது உதடு தானாக அசைகிறது.

பின்மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது பேலன்ஸ் வீல். அதன் நடுவில் சுருண்டு கிடப்பது ஹேர்ஸ்பிரிங். மூச்சு பட்டாலே நடுங்கும். சாவி கொடுக்கும்போது முறுக்கேறுகிற மெயின் ஸ்பிரிங் பேரல் என்கிற உருளைக்குள் ஒளிந்திருக்கும். அந்த விசை சென்டர் வீல், தேர்டு வீல், ஃபோர்த் வீல் என்று பல்லுக்குப் பல் கைமாறி எஸ்கேப் வீலுக்கு வந்து சேரும். தடுக்க ஆளில்லாவிட்டால் கொடுத்த சாவி முழுவதும் ஒரு நிமிஷத்துக்குள் ஓடித் தீர்ந்துவிடும். தடுப்பதற்கு இருப்பது பேலட் ஃபோர்க். அதன் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு சிவப்புக் கல். ஒரு கல் எஸ்கேப் வீலின் பல்லைப் பிடித்து நிறுத்தும். பேலன்ஸ் திரும்பி வந்து ஃபோர்க்கைத் தட்டினால் கல் விலகும்; விடுபட்ட பல் போகிற போக்கில் கல்லின் சரிவைத் தள்ளி, பேலன்ஸுக்கு ஒரு உந்து கொடுத்துவிட்டுப் போகும். அதற்குள் மறுபக்கத்துக் கல் அடுத்த பல்லைப் பிடித்திருக்கும். நாம் கேட்கிற டிக் டிக், இந்தப் பிடிபடுகிற சத்தம்தான். ஜனதாவில் விநாடிக்கு ஐந்து தடவை, ஒரு நாளைக்கு 4,32,000 தடவை.

டயலில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, உள்ளே விலையுயர்ந்த ரத்தினம் இருக்கிறது என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அப்பா விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். பேலன்ஸின் இரண்டு முனைக்கும் துளைக்கல் ஒன்று, அதன்மேல் மூடுகல் ஒன்று, ஆக நாலு. ஃபோர்க்கைத் தட்டுகிற கல் ஒன்று. ஃபோர்க்கின் நுனியில் இரண்டு. அதோடு ஏழு. ஃபோர்க், எஸ்கேப், ஃபோர்த், தேர்டு, சென்டர் இந்த ஐந்துக்கும் மேலே ஒன்று கீழே ஒன்று, பத்து. ரத்தினக் கல்லில் துளைபோட்டு அச்சு சுழலவிடும் வித்தைக்கு 1704-லேயே லண்டனில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது நிஜக் கல். 1902-ல் வெர்னுய் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர் அலுமினாத் தூளை நெருப்பில் உருக்கிச் செயற்கைச் சிவப்புக் கல் செய்யும் வழியை அறிவித்த பிறகுதான், சாதாரண வாட்சுக்கும் தாராளமாகக் கல் வந்தது. திருச்சிக்காரனுக்கு இந்தக் கதை அந்நியமில்லை. உருக்கி எடுத்த செயற்கைக் கல்லைப் பட்டை தீட்டும் தொழில் எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போட்டது. சாணைத் தட்டு சுழலும் ஓசை கேட்டுக்கொண்டேதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

கழற்றிப் பூட்டப் பழகிய பிறகு அப்பா எண்ணெய் தொடச் சொல்லிக் கொடுத்தார். ஊசி முனையில் ஏறுகிற அளவுதான் ஒரு கல்லுக்கு. எனக்குப் பதினாறு வயது, வாட்ச் நன்றாக ஓட வேண்டும் என்கிற ஆசை. ஒரு பள்ளி ஆசிரியரின் வாட்சுக்கு எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். இரண்டு வாரத்தில் அவர் திரும்பி வந்தார்: வாட்ச் தறிகெட்டு வேகமாக ஓடுகிறது, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் முந்துகிறது. அப்பா திறந்து, லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கண்ணில் வைத்தார். எண்ணெய் வழிந்து ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒட்டினால் ஸ்பிரிங் குட்டையானது போல ஆகும், பேலன்ஸ் பதறி அடித்துக்கொள்ளும். அப்பா திட்டவில்லை. பெட்ரோல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, கழுவுகிற வரை பக்கத்திலேயே நின்றார். அந்த ஆசிரியரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவர் அந்த இரண்டு வாரமும் வகுப்புக்கு முன்கூட்டியே போய் நின்றிருக்கிறார்.

எண்ணெய் கூடினால் இப்படி. குறைந்தாலும் கேடுதான். எங்கள் ஊர் வெயிலிலும் தூசியிலும் ஃபோர்க் கல்லில் வைத்த எண்ணெய் சில வருஷத்தில் பிசினாகிவிடும். பல்லும் கல்லும் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர்கிற இடம் அது. அங்கே வழுக்கல் போனால் பேலன்ஸின் ஆட்டம் சுருங்கும், நேரம் தவறும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

"முழு வாட்சையும் கையாலேயே செஞ்சவங்க யாருப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒருத்தரும் முழுசாச் செய்யலடா" என்றார். அவர் எந்தப் புத்தகத்தையும் படித்துச் சொல்லவில்லை, ஆனால் சொன்னது சரி. பல வருஷம் கழித்து, பெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு வாடிக்கையாளர் ஜார்ஜ் டேனியல்ஸ் என்கிற ஆங்கிலேயர் எழுதிய வாட்ச் தயாரிப்பு நூலைக் கொண்டுவந்து கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மழைக்காலம் படித்தேன். அதிலிருந்து கிளை பிரிந்து படித்ததுதான் இனி நான் சொல்லப்போவது.

இங்கிலாந்தில் கைவேலை வாட்ச் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஒரு வாட்ச் பிறந்தது ஊர் ஊராக நடந்துதான். லிவர்பூலுக்குக் கிழக்கே இருக்கிற பிரெஸ்கட் என்ற சிற்றூரின் வீடுகளில் அரத்தையும் லேத்தையும் வைத்துக்கொண்டு, வாட்சின் கரட்டு உருவத்தை, அதாவது தகடுகளையும் சக்கரங்களையும், செய்தார்கள். அது லண்டனில் கிளார்க்கன்வெல் பகுதிக்கோ கோவென்ட்ரிக்கோ போகும். அங்கே எஸ்கேப்மென்ட் செய்கிறவர் ஒருவர், கல் பதிப்பவர் ஒருவர், ஸ்பிரிங் கட்டுகிறவர் ஒருவர், முள் செய்கிறவர் ஒருவர், டயல் எழுதுகிறவர் ஒருவர், பெட்டி செய்கிறவர், பொன்முலாம் பூசுகிறவர், சித்திரம் செதுக்குகிறவர். அவரவர் வீட்டு ஜன்னலோரத்தில் அவரவர் வேலை. ஒரு பையன் வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு அலைவான். கடைசியில் டயலில் ஏறுவது பெரும்பாலும் விற்கிற கடைக்காரர் பெயர். கரட்டு உருவம் செய்தவர் டயலுக்கு அடியில், யாரும் பார்க்காத தகட்டில், தன் பெயரின் முதலெழுத்தைக் குத்தி வைப்பார். அவ்வளவுதான் அவருக்கு.

அந்த எழுத்துகூடக் கிடைக்காதவர்களும் உண்டு. முழுச் சாவியில் மெயின் ஸ்பிரிங் பலமாக இழுக்கும், தளரத் தளர இழுவை குறையும். அதைச் சரிக்கட்ட அந்தக் கால வாட்சுகளில் ஃப்யூஸி என்று ஒரு கூம்பு இருந்தது. பேரலுக்கும் கூம்புக்கும் நடுவே ஒரு சங்கிலி ஓடும். சைக்கிள் செயினைக் குதிரை மயிர் அளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி. தென் இங்கிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் 1790 வாக்கில் தொடங்கி இந்தச் சங்கிலியைச் செய்தவர்கள் பெண்களும் சிறுமிகளும், அவர்களில் ஏழை விடுதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒவ்வொரு கண்ணியையும் தகட்டில் வெட்டி, துளையில் ஆணி கோத்து, தட்டி இறுக்க வேண்டும். கண் கெடும் வேலை. என் மேஜைக்கு இதுவரை இரண்டே இரண்டு ஃப்யூஸி வாட்சுகள் வந்திருக்கின்றன. இரண்டிலும் சங்கிலி அறாமல் இருந்தது. அதை ட்வீசரில் தூக்கியபோது, அதைக் கோத்த பிள்ளைக்கு என்ன வயசிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையிலும் இதே கதைதான். குளிர்காலத்தில் பனி மூடிய பண்ணை வீடுகளில் ஆளுக்கொரு பாகம். லா ஷோ-து-ஃபோன் என்ற ஊர் 1794-ல் தீயில் எரிந்த பிறகு, வேலை மேஜைகளுக்கு வெளிச்சம் விழும்படி நேர்க்கோட்டுத் தெருக்களாகக் கட்டினார்கள். கார்ல் மார்க்ஸ் 'மூலதன'த்தில் வேலைப் பிரிவினைக்கு உதாரணமாக வாட்ச் தொழிலின் ஆட்களை நீளமாக அடுக்கிக்கொண்டே போகிறார். அந்த ஊர் முழுவதையும் ஒரே வாட்ச் பட்டறை என்கிறார்.

சுவிஸ்காரர்கள் காலத்தோடு இயந்திரத்துக்கு மாறினார்கள், ஆங்கிலேயர்கள் மாறவில்லை. 1797-ல் பிரதமர் பிட் கடிகாரத்துக்கும் வாட்சுக்கும் வரி போட்டார். தொழில் அலறியது, அடுத்த வருஷமே வரி போனது. ஆனாலும் பெரிய அடி அதுவல்ல. 1850-களில் அமெரிக்காவின் வால்தமில், ஒரு வாட்சின் பாகம் இன்னொன்றில் அப்படியே பொருந்துகிற மாதிரி இயந்திரத்தில் செய்யத் தொடங்கினார்கள். ஜன்னலோர மேஜைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முள் செய்கிறவர் இறந்தால் முள் செய்யும் வித்தையும் அவரோடு போனது, ஏனென்றால் பக்கத்து மேஜைக்காரருக்கு அது தெரியாது. வேலையைப் பிரித்துப் பிரித்து வைத்ததில் இருந்த ஆபத்து அப்போதுதான் வெளிப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

அப்படிக் காலியான வீட்டுக்குள் வந்தவர் டேனியல்ஸ். 1926-ல் பிறந்தவர், கடும் வறுமை. ஐந்து வயதில் தெருவில் கிடந்த மலிவு வாட்ச் ஒன்றை எடுத்துத் திறந்து பார்த்தாராம், அன்றைக்கே மனம் அதில் விழுந்துவிட்டது. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு மெத்தைத் தொழிற்சாலையில் வேலை. ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, வாட்ச் ரிப்பேர் செய்துகொண்டே கிளார்க்கன்வெல்லில் இரவு வகுப்பில் படித்தார். வாட்ச் மேதை பிரெகேயின் பழைய வாட்சுகளைப் பழுதுபார்த்துப் பார்த்து, அவற்றின் ரகசியம் கைவந்தது. கையால் ஒரு வாட்ச் செய்ய 34 தனித் தொழில்கள் வேண்டும் என்று கணக்கு. அவற்றில் 32-ஐ அவர் ஒருவரே கற்றார். டயலில் கோலம்போல இழையோடும் வரிகளை அதற்கான எந்திரத்தில் தானே செதுக்கினார், பெட்டியைத் தானே கடைந்தார், முள்ளைத் தானே அறுத்து நீலம் ஏற்றினார். 1969-ல் முதல் பாக்கெட் வாட்ச். ஒன்றுக்கு ஏறக்குறைய 2,500 மணி நேரம்.

அதே 1969 டிசம்பரில் ஜப்பானின் சீகோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. சாவி வாட்சுக்கு அது மரண ஓலை என்றே உலகம் எண்ணியது. டேனியல்ஸ் எடுத்துக்கொண்ட கேள்வி, எங்கள் கடையில் தினமும் நாங்கள் பட்ட கேள்விதான்: ஃபோர்க் கல்லில் எண்ணெய் காய்ந்தால் என்ன செய்வது? உரசி நகர்வதற்குப் பதில், பல் கல்லை நேராகத் தள்ளிவிட்டுப் போகும்படி அமைத்தால் என்ன என்று யோசித்தார். ஒரே அச்சில் இரண்டு எஸ்கேப் சக்கரம், ஃபோர்க்கில் மூன்று கல். கோ-ஆக்சியல் என்று பெயர். உரசல் குறைந்ததால் எண்ணெயை நம்பி வாழும் கட்டாயமும் குறைந்தது. 1980-ல் காப்புரிமை பெற்றார். சுவிஸ் நிறுவனங்களின் கதவுகளை வருஷக்கணக்கில் தட்டி, 1999-ல்தான் ஒமேகா அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பக்கத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஃபோர்க் எஸ்கேப்மென்ட் இருநூற்றைம்பது வருஷப் பழசு. அதில் திருத்த ஒன்றுமில்லை என்று எல்லோரும் விட்டுவிட்ட இடத்தில், ஒரு ரிப்பேர்க்காரர் கைவைத்திருக்கிறார்.

பின்னாளில் அவர் ஐரிஷ் கடலில் இருக்கும் மேன் தீவில் குடியேறினார். அங்கே ரோஜர் ஸ்மித் என்ற இளைஞர் தானே செய்த பாக்கெட் வாட்சைக் கொண்டுபோய்க் காட்டினார். கையால் செய்தது என்பது பார்த்தாலே தெரிகிறது, அப்படித் தெரியக் கூடாது என்று டேனியல்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார். அரத்தின் தடம், கை தயங்கிய இடம் எதுவும் தெரியாமல், பொருள் தானாகவே உண்டானது போல நிற்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஸ்மித் ஐந்து வருஷத்துக்கு மேல் உழைத்து இரண்டாவது வாட்சோடு போனார். ஒவ்வொரு பாகத்தையும் காட்டி, இதைச் செய்தது யார், இதைச் செய்தது யார் என்று கிழவர் கேட்டாராம். எல்லாவற்றுக்கும் 'நான்தான்' என்பதே பதில். அதற்குப் பிறகுதான் வாட்ச் செய்கிறவன் என்று ஒத்துக்கொண்டார். டேனியல்ஸ் 2011-ல் காலமானார். ஸ்மித் அதே தீவில் சிறு பட்டறை வைத்து, கைக்கடிகாரங்கள் செய்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பழகும் இளைஞர்களும் உண்டு.

நான் வாட்ச் செய்தவனில்லை. ஆனால் அந்த 34-ல் ஒன்று எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தது, பேலன்ஸ் ஸ்டாஃப் கடைவது. வாட்ச் கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அதன் பிவட், அதாவது பேலன்ஸ் அச்சின் முனை; தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. புது ஸ்டாஃப் கிடைக்காத வாட்சென்றால் நீலம் பாய்ந்த எஃகுக் கம்பியை லேத்தில் பூட்டி, வலக்கையில் உளியும் இடக்கையில் வில்லுமாக அப்பா கடைவார். கடைசி இழைப்புகளில் அவர் கண்ணை நம்பியதில்லை. உளி முனையில் எஃகு நழுவுகிற உணர்ச்சியை விரல் சொல்ல வேண்டும். பத்துக்கு நாலு ஒடியும். ஒடிந்தால் பேசாமல் அடுத்த கம்பியை எடுப்பார்.

போன மாதம், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவரின் பேரன், தாத்தாவின் வெஸ்ட் எண்ட் வாட்சைக் கொண்டுவந்தார். பின்மூடியின் உட்புறம், பழுதுபார்த்தவர்கள் வழக்கமாகக் கீறி வைக்கும் இடத்தில், அப்பாவின் கையெழுத்து: 'ஸ்டாஃப்', 14-8-71. லூப்பை வைத்து பிவட்டைப் பார்த்தேன். தேய்மானம் இல்லை. பெட்ரோலில் கழுவி, ஊசி முனையில் எண்ணெய் தொட்டு, அப்படியே பூட்டினேன்.