ஆறு மாதக் கெடு

1962 ஆகஸ்ட் 16. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கும் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். அன்றைக்கே ஒரு கெடுவும் தொடங்கியது. அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்களில் பிரெஞ்சுக் குடியுரிமையை விட மனமில்லாதவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள்.

இந்தக் கெடு வந்து சேர எட்டு ஆண்டுகள் பிடித்தன. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியின் கீழூர் கிராமத்தில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஊர் இந்தியாவின் கையில் இருந்தது. சட்டத்தின் கண்ணில் மக்கள் இன்னும் பிரான்சைச் சேர்ந்தவர்கள்.

அவர்களை என்ன செய்வது என்பதற்கு 1956 மே 28 அன்று புதுதில்லியில் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோகும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் விடை சொன்னது. ஆனாலும் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காக அது ஆறு ஆண்டுகள் காத்துக் கிடந்தது. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் இன்னொரு நிலத்தைக் கைவிடும் தீர்மானத்தைக் கொண்டுவர பாரிஸ் தயங்கியது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகே புதுச்சேரியின் கோப்பு நகர்ந்தது.

ஒப்பந்தம் இரண்டே கேள்விகளைக் கேட்டது. எங்கே பிறந்தாய்? எங்கே குடியிருக்கிறாய்?

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. புதுச்சேரிக் குடும்பங்களுக்குள் நுழைந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அண்ணனும் தம்பியும் புதுச்சேரியில் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் சைகோனில் உத்தியோகம், தம்பி ஊரில் கடை. இருவருமே எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. வெளிநாட்டில் குடியிருந்த அண்ணன் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தார். உள்ளூர்த் தம்பி இந்தியர் ஆனார்.

இதைவிட வியப்பானது தாய்வீட்டுப் பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெண்கள் பிறந்தகம் போவது நம் வழக்கம். புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பிறந்தகம் கடலூராக இருந்தால், தலைப்பிள்ளை பிறந்தது பிரிட்டிஷ் இந்தியாவில். ஒப்பந்தமோ பிரெஞ்சு எல்லைக்குள் பிறந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசியது. வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களை மறந்துவிட்டது. அப்படிப் பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை இழக்கவில்லை என்று பின்னாளில் பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. பெற்றோரின் குடியுரிமையை நிரூபிக்கப் பழைய பதிவேடுகளைத் தேடி அலைந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டு.

கெடு முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கேட்டவர்கள் 4,944 பேர். அப்போதைய மக்கள்தொகை ஏறத்தாழ 3.7 லட்சம். கேட்டவர்களில் பலர் பிரெஞ்சுப் படையிலும் அரசுப் பணியிலும் இருந்தவர்கள், அவர்களின் வீட்டார். ‘சொல்தா’ என்று ஊர் அழைத்த அந்தப் படைவீரர்களுக்கு ஓய்வூதியம் பாரிஸிலிருந்து வந்தது. பிள்ளைகளுக்குப் பிரான்சில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

அவர்களுக்குப் பின்னால் இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1873-ல் ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை தடுக்கப்பட்டார். பாரிஸ் வரை வழக்காடி வென்றார். 1881-ல் வந்த ஆணை, சொந்தச் சாதி வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கவும், புதிய குடும்பப்பெயர் சூடவும் வழி திறந்தது. பொன்னுத்தம்பி சூடிய பெயர் ‘லாபோர்த்’. பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அந்தக் கதவு வழியே சென்ற பலர் சாதியின் பிடியிலிருந்து விலக வழி தேடியவர்கள். அவர்களின் வாரிசுகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை தாத்தா போராடிப் பெற்ற மரியாதை.

மறுபக்கம், அப்படி ஒரு வாய்ப்பு இருப்பதையே அறியாமல் ஆறு மாதத்தைக் கடந்தவர்களும் இருந்தார்கள். எழுத்தறியாத கூலிக்காரருக்கும் படித்த அதிகாரிக்கும் ஒரே கெடு என்பது நியாயமான ஏற்பாடு அல்ல.

ஒப்பந்தம் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் வீட்டுத் திண்ணைகளில் நடந்த பேச்சும் வாக்குவாதமும் பெரும்பாலும் பதிவாகவில்லை. அன்று பதினெட்டு வயதில் இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். புதுச்சேரியிலோ காரைக்காலிலோ அப்படியொரு பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.