கற்பனை நகரும் சொறிக்கல்முனையும்

சொறிக்கல்முனை என்னும் என் ஊர்ப்பெயரைக் கேட்டு நகையாத விடுதி நண்பர் சிலரே. அச்சொல்லில் வரும் சொறி நோயன்று, சொரசொரப்பு. செம்புறைக்கல்லுக்குச் சொறிக்கல் என்றும் பெயருண்டு. முனையோ நீர்நோக்கி நீண்ட நிலம். மண்ணைக் கண்டோர் இட்ட பெயரிது.

1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்றாடும் விளையாட்டின் புனைவு நகரங்களுள் 'வாட்டர்டீப்' ஒன்று. ஆழமான துறைமுகத்தாற் பெற்ற பெயர். இவ்வகைப் புனைவுக்கு முன்னோடியான டோல்கீன் மொழிநூல் வல்லுநர். அவர் படைத்த 'ரிவண்டெல்', பிளவுண்ட பள்ளத்தாக்கு எனப் பொருள்படும். கற்பனையூரும் நம்பத்தக்கதாவது இவ்வாறே.

மருதமுனை, சாய்ந்தமருது இரண்டிலும் மருதமரம் நிற்கிறது, காரைதீவிற் காரைச்செடி. இவற்றில் ஐயமில்லை. சம்மாந்துறையே சிக்கல். சம்பான் என்னும் மரக்கலம் ஒதுங்கிய துறையே அவ்வாறு மருவிற்று என்பர். இன்று வயல் சூழ்ந்த அவ்வூரிற் கலம் ஏது என்று முதலில் நானும் நகைத்தேன். ஆறும் களப்பும் அண்மையிலிருத்தலை எண்ணியபின் நகைப்பு அடங்கிற்று. ஆயினும் ஓசையொப்புமை மட்டும் சான்றாகாது.

புனைவுலகில் ஐயமெழின் ஆக்கியோனை வினவலாம். இங்கோ முதியோரையே வினவவேண்டும். கரையோர முதியோருட் பலரை 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கொண்டுசென்றது.