தோள், மேற்கை, மார்புச்சுவர்த் தசைகள்

தோள், மேற்கை, மார்புச்சுவர்த் தசைகள் என்பவை கையை உடலோடு பிணைத்து, அதை உயர்த்தவும் சுழற்றவும் மடக்கவும் நீட்டவும் உதவும் எலும்புத் தசைகளின் தொகுதி. மூச்சுக்கு உதவும் விலாவிடைத் தசைகளும் இத்தொகுதியோடு சேர்த்தே விவரிக்கப்படுகின்றன. காலுக்கு இடுப்பெலும்பு இருப்பதுபோல் கைக்கு உறுதியான எலும்புப் பூட்டு எதுவும் இல்லை. காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் மூட்டு ஒன்றே கைக்கும் உடலுக்கும் இடையிலான எலும்புத் தொடர்பு. தோள்பட்டை எலும்பு பெரும்பாலும் தசைகளின் பிடியில் நிற்கிறது. அதில் மட்டும் 17 தசைகள் பற்றியுள்ளன. உடலில் மிகுதியாக அசையும் மூட்டு தோள்மூட்டு. எளிதில் நழுவுவதும் அதுவே.

வகைப்பாடு

இத்தசைகளை நான்கு கூட்டங்களாகப் பிரிப்பது தெளிவான முறை.

முதற்கூட்டம் உடலிலிருந்து கைக்கு வருவது. மார்பின் முன்புறம் விசிறிபோல் விரிந்த பெருமார்புத் தசை காறை எலும்பிலும் மார்பெலும்பிலும் விலாக் குருத்தெலும்புகளிலும் தொடங்கி மேற்கை எலும்பில் முடிகிறது. அதன் கீழ்விளிம்பே அக்குளின் முன்மடிப்பு. அதற்கு அடியில் சிறுமார்புத் தசை உள்ளது. மேல் எட்டு அல்லது ஒன்பது விலாக்களிலிருந்து பற்கள்போல் கிளம்பும் முன் ரம்பத் தசை, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பை மார்போடு அணைத்துப் பிடிக்கிறது. பின்புறம் சரிவகத் தசையும் அகன்ற முதுகுத் தசையும் உள்ளன.

இரண்டாவது தோளுக்கே உரியது. தோளின் உருட்சிக்குக் காரணம் டெல்டா தசை; தடுப்பூசி போடும் இடமும் இதுவே. அதற்கு அடியில் சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், சிறு டெரெஸ், சப்ஸ்கேப்புலாரிஸ் ஆகிய நான்கும் மேற்கை எலும்பின் தலையைச் சுற்றிப் பட்டைபோல் அமைந்து, அதைக் குழியில் இருத்துகின்றன. கையைப் பக்கவாட்டில் உயர்த்துவதை டெல்டாவும் சுப்ராஸ்பைனேட்டஸும் முதற்கணத்திலிருந்தே சேர்ந்து செய்கின்றன.

மூன்றாவது மேற்கைத் தசைகள். முன்புறம் இருதலைத் தசை, மேற்கைத் தசை, கொராக்கோபிரேக்கியாலிஸ். பின்புறம் முத்தலைத் தசை. முழங்கையை மடக்கும் முதன்மைத் தசை, ஆழத்தில் மறைந்துள்ள மேற்கைத் தசையே. திரண்டு தெரியும் இருதலைத் தசையின் தனித்திறம் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதில் உள்ளது.

நான்காவது விலாவிடைத் தசைகள். இருபுறமும் உள்ள பதினொரு இடைவெளிகளில் அவை மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளன.

ஆய்வு வரலாறு

இத்தசைகளை முறையாக விவரித்தவர்களில் முதன்மையானவர் பெர்கமோனில் பிறந்த கிரேக்க மருத்துவர் கேலன் (129 – சுமார் 216). கிளாடியேட்டர்களுக்கு மருத்துவராக இருந்தபோது, வெட்டுண்ட தோள்களையும் மார்புகளையும் நேரில் கண்டவர். அவருடைய உடற்கூற்றுச் செய்முறை நூல் கையின் தசைகளிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் மனித உடலை அறுக்க அக்காலத்தில் வழியில்லை. அவர் அறுத்தவை பெரும்பாலும் வட ஆப்பிரிக்கக் குரங்குகள். குரங்கின் உடற்கூறே மனிதனுடையது என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலவியது.

1510–11ஆம் ஆண்டுகளில் லியொனார்டோ டா வின்சி தோளை வெவ்வேறு கோணங்களில் அடுத்தடுத்து வரைந்தார். தசைகளைக் கயிறுகளாக மாற்றி, இழுவிசை எத்திசையில் செல்கிறது என்று காட்டினார். இன்று விண்ட்சர் அரண்மனையில் உள்ள அந்த ஓவியங்கள் அவர் காலத்தில் வெளிவரவில்லை. வெளிவந்திருந்தால் இத்துறை முன்பே முன்னேறியிருக்கக்கூடும்.

இத்துறையை முன்னேற்றிய பெருமை ஆன்ட்ரியாஸ் வெசாலியஸுக்குச் சேர்ந்தது. 1543இல் பாசெல் நகரில் அச்சான மனித உடற்கட்டமைப்பு பற்றிய அவரது நூலின் இரண்டாம் பகுதி முழுவதும் தசைகளுக்கும் தசைநார்களுக்கும் ஒதுக்கப்பட்டது. வயிற்றின் நேர்தசை குரங்கிலும் நாயிலும் மேல் விலாக்கள் வரை ஏறிச் செல்லும். மனிதனில் 5, 6, 7ஆம் விலாக் குருத்தெலும்புகளோடு நின்றுவிடும். வெசாலியஸ் மனித உருவத்தின் மேல் விலங்கின் தசையை வரைந்து காட்டி, கேலன் கண்டது எதை என்று விளக்கினார். துணிவும் நேர்மையும் ஒருங்கே கொண்ட செயல் இது.

அதுவரை தசைகள் பெரும்பாலும் முதலாவது, இரண்டாவது என்று எண்களாலேயே அழைக்கப்பட்டன. பாரிஸில் வெசாலியஸுக்குக் கற்பித்த யாக்கோபஸ் சில்வியஸ் பலவற்றுக்குப் பெயரிட்டார். பதுவாவின் உடற்கூற்றாளர் ஜூலியோ காசெரியோவின் நினைவாகக் கொராக்கோபிரேக்கியாலிஸ் நெடுங்காலம் காசெரியோவின் துளையுண்ட தசை எனப்பட்டது. ஒரு நரம்பு அதைத் துளைத்துக்கொண்டு செல்வதே காரணம். லெய்டன் பேராசிரியர் அல்பினஸ் 1734இல் வெளியிட்ட தசை வரலாறும், ஓவியர் யான் வாண்டெலார் துணையுடன் 1747இல் வெளியிட்ட படத்தொகுதியும் பெயர்களை நிலைப்படுத்தின. 1895இல் பாசெல் நகரில் பொதுப் பெயர்ப்பட்டியல் ஏற்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், உடற்கூற்றியலை ‘அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் கற்பித்தார்.

விலாவிடைத் தசை விவாதம்

18ஆம் நூற்றாண்டின் நடுவில், யேனாவின் ஹாம்பெர்கரும் கோட்டிங்கனின் அல்பிரெக்ட் ஃபான் ஹாலரும் உட்புற விலாவிடைத் தசைகளின் பணி குறித்துக் கடுமையாக வாதிட்டனர். மேல் விலா அசைவு குறைந்தது. ஆகவே வெளி, உள் அடுக்குகள் இரண்டுமே விலாக்களை மேலே தூக்கும் என்றார் ஹாலர். ஹாம்பெர்கர் நெம்புகோல் கணக்கால் மறுத்தார். வெளித்தசை இழையின் கீழ்முனை முதுகெலும்பிலிருந்து தொலைவில் இருப்பதால் கீழ்விலாவை உயர்த்தி மூச்சை உள்ளிழுக்கும். எதிர்ச்சாய்வு கொண்ட உட்தசை மேல்விலாவைத் தாழ்த்தி மூச்சை வெளிவிடும். மார்பெலும்பை ஒட்டிய பகுதி மட்டும் உள்ளிழுப்பில் பங்கேற்கும். ஹாலரின் புகழ் பெரிது, சரியானவர் ஹாம்பெர்கர்.

நரம்பும் நோயும்

மேற்கைத் தசைகளுக்கும் தோள் தசைகளுக்கும் கழுத்தின் ஐந்தாம் நரம்பு முதல் மார்பின் முதல் நரம்பு வரை கிளைவிட்டுப் பின்னும் கைநரம்புப் பின்னலிலிருந்து நரம்புகள் வருகின்றன. சரிவகத் தசை மட்டும் மூளையின் பதினோராம் நரம்பைச் சார்ந்தது. முன் ரம்பத் தசையின் நரம்பு சேதமடைந்தால் தோள்பட்டை எலும்பு சிறகுபோல் பின்புறம் புடைத்து நிற்கும். மேற்கை எலும்பின் நடுப்பகுதி முறிந்தால் ஆரை நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கக்கூடும். 1841இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஆல்ஃபிரட் போலந்து, பெருமார்புத் தசையின் மார்பெலும்புப் பகுதி பிறவியிலேயே இல்லாத ஓர் உடலைப் பதிவு செய்தார். அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் காட்மன், கிழிந்த சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணைத் தைத்ததை 1911இல் வெளியிட்டார். தோளுக்கெனவே 1934இல் தனிநூல் எழுதினார்.

இன்று காந்த அதிர்வுப் படம், துளைவழி அறுவை, உடற்பயிற்சி மருத்துவம் ஆகியவை நடைமுறையில் உள்ளன.